செவ்வாய்ப்பேட்டை 1882: வயிறா, வேதமா?

1882 ஆகஸ்டில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மசூதி இடிக்கப்பட்டது. சாமி ஊர்வலம் போகிற வழியில் அதைக் கட்டியதுதான் தகராறு. கலவரம் அடங்கிய பிறகு ஆட்களைப் பிடித்தார்கள், வழக்குப் போட்டார்கள், கடுமையான தண்டனைகள் கொடுத்தார்கள். அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு. கலவரத்தைத் தூண்டினார் என்று பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்ற ஒருவர், பிற்காலத்தில் இந்திய தேசிய காங்கிரசின் தலைவரானார்.

லீ பஜாரில் தினமும் மூட்டை இறக்குகிறவர்களில், கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? தெரியாமல் இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. அன்று சண்டை போட்டவர்கள் யாரும் உயிரோடு இல்லை, அதை வைத்து இன்று ஓட்டுக் கேட்கிறவரும் இல்லை. மதத்தின் பெயரால் நடக்கும் வன்முறைக்குக் காரணம் கொள்கையா, வாழ்நிலையா என்று பார்ப்பதற்கு இப்படி ஆறிப்போன வழக்குதான் தோது. சூடான வழக்கை எடுத்தால் முதல் ஐந்து நிமிடத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்பதற்கு ஒரு மாதிரி. இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவரும், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் எனக்குத் தெரிந்தவர்கள். இருவருக்கும் இந்த விஷயத்தில் எப்போதும் ஒத்துப்போகாது.

“வேலையும் சோறும் இருந்தா எவன் சார் குண்டு வைக்கப் போறான்?” என்பார் தோழர்.

“பட்டினி கிடந்தவனெல்லாம் குண்டு வைக்கிறதா இருந்தா இந்த நாடே மிஞ்சியிருக்காதே தோழரே. மண்டையில ஏத்தினதுதான் வெடிக்குது” என்பார் ஆசிரியர்.

நான் கவனித்த வேடிக்கை இது: தாங்கள் அனுதாபப்படும் பக்கத்து ஆள் தப்புச் செய்தால் இருவருமே “பாவம், சூழ்நிலை” என்கிறார்கள். எதிர்ப்பக்கத்து ஆள் செய்தால் இருவருமே “அவங்க சொல்லிக்கொடுக்கிறதே அப்படித்தான்” என்கிறார்கள். நம்மவனுக்கு வாழ்நிலை, அடுத்தவனுக்குக் கொள்கை. இது அவர்கள் இருவருடைய வியாதி மட்டும் இல்லை. அதனால் எந்த விளக்கத்தையும் ஏற்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளை அதனிடம் கேட்பது என்று வைத்துக்கொள்கிறேன். ஏன் அந்தத் தெரு? ஏன் அந்த வருடம்? ஏன் அந்த ஆட்கள்?

பஞ்சத்திலிருந்து தொடங்கலாம்

தோழர் பக்கத்துக்கு 1882-இல் கைநிறையச் சான்று இருக்கிறது. 1876-இல் மழை பொய்த்தது. அடுத்து வந்த தாது வருஷப் பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்றது. மிக மோசமாக அடிவாங்கிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை, 1881-இல் 16 லட்சமாக இறங்கியிருந்தது. பத்து வருடத்தில் கூடியிருக்க வேண்டியது மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்தது. செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமலே போனவர்கள் எல்லாரும் அதில் சேர்த்தி.

நிவாரண வேலைகளிலும் சிக்கனம் பார்த்தார்கள். பஞ்ச நிலவரத்தைப் பார்க்க இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் வந்து கூலியைக் குறைத்தார்: ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் மேலே சில்லறைக் காசும். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். இந்த அநியாயத்தை நினைத்தாலே யாருக்கும் கல்லெடுக்கத் தோன்றும்.

ஆனால் கல் எங்கே விழுந்தது? பஞ்ச காலத்தில் தானியக் கடைகளையும் களஞ்சியங்களையும் சூறையாடிய சம்பவங்கள் மாகாணத்தில் நடந்தன. பசி தேடிப் போன இடம் நெல் இருந்த இடம். அது புரிந்துகொள்ளக்கூடிய கணக்கு. 1882-இல் உடைக்கப்பட்டது தானியக் கிடங்கு இல்லை, தொழுகைக் கூடம். பஞ்சம் முடிந்து நாலு வருடம் ஆகியிருந்தது. பஞ்சம் மாவட்டம் முழுவதையும் தாக்கியிருந்தது; கலவரமோ கூலிக்கு ஆள் ஏறிப்போகிற ஏற்காட்டு மலையடிவாரத்தில் வெடிக்காமல், வியாபாரம் நடக்கிற பேட்டையில் வெடித்தது. ‘ஏன் அந்த வருடம்’, ‘ஏன் அந்தத் தெரு’ என்ற இரண்டு கேள்விக்கும் பஞ்சத்தால் பதில் சொல்ல முடியவில்லை.

தோழர் இங்கே விட்டுக்கொடுக்க மாட்டார், விட்டுக்கொடுக்கவும் தேவையில்லை. வாழ்நிலை என்றால் வெறும் பசி என்று யார் சொன்னது? போட்டியும் வாழ்நிலைதான். 1860-களில் சேலத்துக்கு ரயில் வந்தது. 1866-இல் நகராட்சி அமைந்தது. பஞ்சத்துக்குப் பிறகு ஊர் மறுபடி எழுந்து உட்கார்ந்தபோது, பேட்டைத் தெருவில் ஓர் இடம் என்பது சொத்து, செல்வாக்கு, ‘நாங்களும் இங்கே இருக்கிறோம்’ என்கிற அறிவிப்பு எல்லாம்தான். அந்தத் தெருவில் ஒரு தரப்பு நிலையான ஒரு கட்டடத்தை எழுப்புகிறது. இன்னொரு தரப்புக்கு அதே தெரு வருடா வருடம் சாமி வருகிற வழி. நகராட்சி, கலெக்டர் அலுவலகம், போலீஸ், நீதிமன்றம் என்று அனுமதி தரவும் மறுக்கவும் புதிய மேசைகள் வந்துவிட்ட காலம். யாருக்கு எந்த மேசையில் செல்வாக்கு என்பதும் ஒரு வாழ்நிலைக் கேள்வியே.

இப்படிச் சொன்னால் வாதம் கெட்டிப்படுகிறது. பட்டினிக்காரனின் கோபம் என்பதைவிட, எழுந்து வருகிறவர்கள் ஒரே தெருவில் முட்டிக்கொண்டார்கள் என்பது 1882-க்கு நன்றாகப் பொருந்துகிறது. இருந்தாலும் ஒன்று இடிக்கிறது. தெருவில் கடைக்காகவும் திண்ணைக்காகவும் தினமும் சண்டை நடக்கும். அதற்கெல்லாம் ஊர் திரளாது. இதற்கு மட்டும் ஏன் திரண்டது?

மேளத்தின் விலை

ஆசிரியர் பக்கம் வருவோம். இந்த வழக்கில் அவருக்கு முதல் சங்கடம், 1882 சேலத்தில் கொள்கை என்று பிடித்துக் காட்ட அமைப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது. காங்கிரஸ் பிறக்க இன்னும் மூன்று வருடம் இருந்தது. முஸ்லிம் லீக் 1906-இல்தான் வரும், இந்து மகாசபை அதற்கும் பிறகு. வடக்கே பசுப் பாதுகாப்பை வைத்துப் பெரிய கலவரங்கள் நடந்த 1893-க்கு இன்னும் பதினோரு வருடம் பாக்கி. ‘மண்டையில் ஏற்றிய’ பிரச்சார இயந்திரம் எதையும் காட்டாமலே ஒரு மசூதி இடிந்திருக்கிறது.

இரண்டாவது சங்கடம் ஊருக்குள்ளேயே இருந்த மற்ற மசூதிகள். திருமணிமுத்தாற்றங்கரையில் உள்ள ஜாமியா மசூதியைத் திப்பு காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். மசூதி என்பதே பகை என்றால் தகராறு அங்கே தொடங்கியிருக்க வேண்டும். தகராறு வந்தது புதிதாகக் கட்டியதை வைத்து, அதுவும் ஊர்வலப் பாதையில் கட்டியதை வைத்து.

மூன்றாவது, ஊர்வலத் தகராறு இரண்டு மதங்களுக்கு இடையில்தான் வரும் என்றும் இல்லை. சென்னைப் பக்கம் வலங்கைச் சாதியினரும் இடங்கைச் சாதியினரும் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டவர்கள். காஞ்சிபுரத்தில் வடகலையும் தென்கலையும் ஒரே பெருமாளுக்காக நீதிமன்றத்தில் நின்றார்கள். ஊர்வல உரிமை பற்றி இந்திய நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிற 1924-ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் (அன்று லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றம்) தீர்ப்பு, வடக்கே ஔரங்காபாத் என்ற ஊரில் ஷியா முஸ்லிம்களின் ஊர்வலம் சுன்னி மசூதியைக் கடந்து போவது பற்றியது. ஒரே வேதம் ஓதுகிறவர்களுக்குள் அந்தச் சண்டை.

ஆக, வேதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்து எந்தத் தெருவில் கலவரம் வரும் என்று சொல்ல முடியாது. அப்படியானால் கொள்கைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. சேலத்தில் ஆடி மாதம் இருந்தவர்களுக்கு அது புரியும். அந்த மாதத்தில் இந்த ஊர் மாரியம்மனுக்குச் சொந்தம். கோட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு அம்மன், தீமிதி, அலகு, குகைப் பக்கம் வண்டி வேடிக்கை. அம்மன் போகும் வழியை மாற்றுவது என்பது போக்குவரத்து ஏற்பாடு இல்லை. அதே மாதிரி, தொழுகை நேரத்தில் வாசலில் பறையும் மேளமும் அதிர்வதை மசூதிக்குள் இருப்பவர் வெறும் சத்தமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

காசுக் கணக்கில் பார்த்தால் தீர்வு மலிவு. நாற்பது அடி தூரம் மேளத்தை நிறுத்தலாம், அல்லது தொழுகையைப் பத்து நிமிடம் தள்ளி வைக்கலாம். யாருக்கும் ஒரு பைசா நஷ்டம் இல்லை. ஆனால் அந்த நாற்பது அடியைக் கொடுப்பது தோல்வி என்றும், கொடுத்தவன் துரோகி என்றும் ஆக்குவது பணம் அல்ல, நம்பிக்கை. 1883-இல் சென்னை உயர் நீதிமன்றம் சுந்தரம் செட்டி வழக்கில் இந்தச் சிக்கலைத் தொட்டது. ஓர் இடத்தில் தங்கள் வழிபாட்டை நிறுத்திக்கொள்ளச் சொல்வது ஊர்வலக்காரர்களுக்குக் கஷ்டம் என்றால், தங்கள் கோயில் வாசலில் அடுத்தவர் ஊர்வலத்தைப் போகவிடச் சொல்வது மற்றவர்களுக்கும் அதே அளவு கஷ்டம் என்கிற பொருளில் தலைமை நீதிபதி டர்னர் எழுதினார். இரண்டு பக்கமும் ஒரே எடை. தராசு நேராக நின்றுவிட்டால் தீர்ப்பு எந்தப் பக்கம் போகும்?

கொள்கை செய்கிற வேலை இதுதான் என்று நினைக்கிறேன். சாதாரணப் பொருளின் விலையை அது பேரம் பேச முடியாத உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது. யாருக்குள் போட்டி, யாரிடம் குறை, யார் தெருவில் நிற்க ஆள் அனுப்ப முடியும் என்பதையெல்லாம் வாழ்நிலை முடிவு செய்கிறது. விலை ஏறிய பிறகு பேரம் படியாது.

‘ஏன் அந்த வருடம்’ என்ற கேள்வி மட்டும் இன்னும் பாக்கி நிற்கிறது. அதற்குப் பதில் இரண்டு அணியிலும் இல்லை, அரசு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் இருந்தது. மசூதி ஒரே நாளில் முளைக்கவில்லை. 1870-களின் பிற்பகுதியிலிருந்தே விவகாரம் இழுத்துக்கொண்டிருந்தது. நிர்வாகம் ஒன்று சொல்ல, நீதிமன்றம் வேறு சொல்ல, ஒவ்வொரு ஆணைக்குப் பிறகும் ஒரு தரப்பு ‘ஜெயித்துவிட்டோம்’ என்று நினைத்தது, மறு தரப்பு ‘ஏமாற்றப்பட்டோம்’ என்று நினைத்தது. முரண்பட்ட ஆணைகள் தெருவில் இருக்கிறவனுக்கு ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுக்கின்றன: முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை, பலம் காட்டுகிறவன் பக்கம் சாயலாம்.

கூட்டம் வேறு, குண்டு வேறு

இந்த இடத்தில் ஆசிரியர் சரியான ஓர் ஆட்சேபத்தை எழுப்புவார். செவ்வாய்ப்பேட்டையில் நடந்தது கலவரம், பயங்கரவாதம் இல்லையே? உண்மை. இரண்டையும் ஒரே பெயரில் பேசுவதால்தான் விவாதமே குழம்புகிறது. கலவரத்துக்குக் கூட்டம் வேண்டும், தெரு வேண்டும், ஒரு பொழுது வேண்டும். குண்டுக்குக் கூட்டம் தேவையில்லை. நாலைந்து பேர், மாதக்கணக்கில் ரகசியம், முகம் தெரியாதவரைக் கொல்வது சரி என்கிற உறுதி இவை போதும். கூட்டத்திலிருந்து குண்டை நோக்கி நகர நகர வயிற்றின் பங்கு குறைகிறது, கொள்கையின் பங்கு ஏறுகிறது. என்னுடைய முடிவு இதுதான்.

பக்கத்து ஊரான கோயம்புத்தூரிலேயே இதைப் பார்க்கலாம். 1997 நவம்பர் 29 அன்று செல்வராஜ் என்ற போக்குவரத்துக் காவலர் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள், கடைகள் எரிந்தன. அதுவரை நடந்தது தெரு வன்முறை: மில்கள் நொடித்த நகரம், நடைபாதை வியாபாரப் போட்டி, காவல்துறையின் கோபம் என்று அதற்கு வாழ்நிலை விளக்கம் நிறையவே ஒட்டும். பதினோரு வாரம் கழித்து, 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அது கோபத்தில் கொதித்த கூட்டத்தின் வேலை அல்ல. பாபர் மசூதி இடிப்புக்குப் பிறகு 1993-இல் உருவான அல்-உம்மா என்ற அமைப்பு ஏற்கெனவே இருந்ததால்தான் அந்தப் பதினோரு வாரத்தில் துக்கம் சதியாக மாற முடிந்தது. அதே கலவரத்தில் கடையை இழந்த எத்தனையோ பேர் கடன் வாங்கி மறுபடி கடை போட்டார்கள். அவர்களைப் பற்றி யாரும் ஆய்வு எழுதுவதில்லை.

சேலத்திலும் ஒன்று உண்டு. 2013 ஜூலை 19 அன்று மரவனேரியில் பா.ஜ.க. மாநிலப் பொதுச்செயலாளர் ஆடிட்டர் ரமேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். காவல்துறை அந்த வழக்கில் முக்கியமாகத் தேடிப் பிடித்தவர்கள் மதுரை, மேலப்பாளையம் பக்கத்தவர்கள். அப்படியென்றால் சேலத்தின் வேலையின்மையையோ சேலத்துத் தெருக்களின் போட்டியையோ அலசி அந்தக் கொலையை விளக்க முடியாது. கலவரம் உள்ளூர்ச் சரக்கு. திட்டமிட்ட கொலை பஸ் ஏறி வரும்.

காந்தி கொலை இன்னும் தெளிவான பரிசோதனை, ஏனென்றால் ஒரே சதியில் இரண்டு வகை ஆட்களும் இருந்தார்கள். 1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் குண்டு வெடிக்கச் செய்த மதன்லால் பாவா, பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதி. வீடு போயிற்று, ஊர் போயிற்று. தோழரின் வாதத்துக்கு இவரைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். ஆனால் சதியின் மூளையாக இருந்த நாராயண் ஆப்தே அறிவியல் பட்டதாரி, ஆசிரியராக இருந்தவர். ஜனவரி 30 அன்று சுட்ட நாதுராம் கோட்சே புனேயில் பத்திரிகை நடத்தியவர். இந்த இருவருடைய வீட்டையும் பிரிவினையில் யாரும் கொளுத்தவில்லை. இழந்தவர் கடைசியில் சேர்ந்தார். எதையும் இழக்காதவர்கள் அந்த இழப்பை வருடக்கணக்காக எழுதி, பேசி, தங்கள் இழப்பாக ஆக்கிக்கொண்டிருந்தார்கள். அதே 1948-இல் லட்சக்கணக்கான அகதிகள் தில்லியில் கூடாரத்தில் கிடந்தார்கள். அகதிகளில் பிர்லா மாளிகைக்குக் குண்டோடு போனவர் ஒருவர்.

இலங்கையில் 2019 ஈஸ்டர் அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் வெடித்தவர்களில் இருவர் கொழும்பின் பெரும் மசாலா வியாபாரி ஒருவரின் மகன்கள். அங்கே பசி எங்கே இருந்தது?

பொருளியலாளர் ஆலன் குருகரும் ஜிட்கா மலெச்கோவாவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. லெபனானில் இறந்துபோன 129 ஹெஸ்புல்லா போராளிகளை அதே வயதுள்ள பொது மக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வறுமையில் இருந்தவர்கள் போராளிகளில் 28 சதவீதம், மற்றவர்களில் 33. உயர்நிலைப் பள்ளியோ அதற்கு மேலோ படித்தவர்கள் போராளிகளில் 47 சதவீதம், மற்றவர்களில் 38. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் வறுமைக் கோட்பாடு சொல்கிற திசைக்கு நேர் எதிர்.

இத்தோடு ஆசிரியர் ஜெயித்துவிட்டார் என்று எழுந்துபோக முடியாது. அவருக்குத் தடையாக நிற்கிற முதல் உதாரணம் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ராபர்ட் பேப் 1980 முதல் 2003 வரை உலகில் நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களைத் தொகுத்தபோது, அதில் 76 விடுதலைப் புலிகளுடையவை. சொர்க்கத்தை வாக்களிக்காத, மதச்சார்பற்ற இயக்கம் அது. உயிரைக் கொடுக்க வைக்க ஒரு கொள்கை வேண்டும். அது மதக் கொள்கையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது தடை, கொள்கை யார் வழியாக வருகிறது என்பது. பயங்கரவாதத்தை ஆராய்ந்த மார்க் சேஜ்மன் 172 ஜிகாதிகளின் வரலாற்றை அலசியபோது, 68 சதவீதம் பேர் நண்பர்கள் மூலமாக உள்ளே போயிருந்தார்கள், 20 சதவீதம் பேர் உறவினர் மூலமாக. புத்தகம் படித்து மனம் மாறி, அப்புறம் ஆள் தேடிப் போனவர்கள் குறைவு. முதலில் கூட்டாளி, பிறகுதான் கொள்கை. கூடப் படித்தவன், மச்சான், பெரியப்பா மகன் என்கிற கயிற்றைப் பிடித்து இறங்குகிறார்கள். கொள்கை அடியில் காத்திருக்கிறது.

மூன்றாவதாக ஆப்பிரிக்கா. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2017-இல் வெளியிட்ட அறிக்கைக்காக, தீவிரவாதக் குழுக்களில் தாமாகச் சேர்ந்த 495 பேரிடம் பேசினார்கள். கடைசியாக உங்களைத் தள்ளியது எது என்ற கேள்விக்கு 71 சதவீதம் பேர் அரசின் செயலைச் சொன்னார்கள்: சொந்தக்காரரையோ நண்பரையோ கொன்றது, பிடித்துப் போனது. 2023-இல் வந்த அடுத்த அறிக்கையில், முதன்மைக் காரணம் வேலை என்றவர்கள் 25 சதவீதம், மதம் என்றவர்கள் 17 சதவீதம். தோழருக்கு இதைப் படித்துக் காட்டினால் மீசையைத் தடவிக்கொள்வார்.

இரண்டு விஷயங்களை அவரிடம் சொல்ல வேண்டும். ஒன்று, சோமாலியாவிலும் சாட் ஏரிப் பக்கமும் அந்தக் குழுக்கள் நிலத்தைப் பிடித்து, வரி வாங்கி, சம்பளம் கொடுக்கிற படைகள். படைக்கு ஆள் சேர்ப்பதில் எந்த ஊரிலும் வயிற்றுக்குப் பங்கு உண்டு. இரண்டு, வெளியே வந்த ஒருவனிடம் ‘ஏன் சேர்ந்தாய்’ என்று அதிகாரி போன்ற ஒருவர் கேட்டால், ‘சம்பளத்துக்கு’ என்பதுதான் குற்றம் குறைந்த பதில். ‘அவர்கள் சாக வேண்டும் என்று நினைத்தேன்’ என்று யார் சொல்வார்கள்? வாக்குமூலத்தைக் கொஞ்சம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அந்த 71 சதவீதத்தை என்னால் அப்படிக் கழிக்க முடியவில்லை, ஏனென்றால் அது சேலத்தில் நடந்ததோடு நேராக முட்டுகிறது.

பத்தாண்டுத் தண்டனை பெற்றவர்

சி. விஜயராகவாச்சாரியாருக்கு 1882-இல் முப்பது வயது. சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கிச் சிறிது காலம்தான் ஆகியிருந்தது. அந்த வருடமே நகராட்சி உறுப்பினராகவும் ஆனார். கலவரத்தைத் தூண்டியதாக அவர்மேல் வழக்குப் போட்டு, பத்தாண்டுச் சிறை விதித்தார்கள். படித்தவர், வசதியானவர், பதவியில் இருந்தவர். மேலோட்டமாகப் பார்த்தால் ‘தூண்டுகிறவன் ஏழையாக இருக்க மாட்டான்’ என்கிற ஆசிரியரின் வாதத்துக்கு இவர் நல்ல சாட்சி. ஆனால் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. கலவரத்தின் பின்னால் படித்தவர் ஒருவர் இருந்தார் என்பது நிரூபணமாகவில்லை; இருந்தே ஆக வேண்டும் என்று அரசு நம்பியது மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. ஆட்சியாளர்களுக்கும் ஒரு கோட்பாடு இருந்தது: தெருவில் கோபம் வந்தால் மாடியில் ஒரு சூத்திரதாரி இருப்பான். இன்றும் பல குற்றப்பத்திரிகைகளில் அந்தக் கோட்பாட்டைப் படிக்கலாம்.

அடுத்து அவர் செய்ததுதான் இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐ.நா. அறிக்கை சொல்கிற மாதிரியான தள்ளுவிசை அவருக்கும் நேர்ந்திருக்கிறது: செய்யாத குற்றம், மதச் சாயம், அரசின் அவமதிப்பு, சிறைத் தண்டனை. அவர் நகராட்சிப் பதவி பறிபோனதற்காக இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மேலேயே வழக்குத் தொடர்ந்து, நூறு ரூபாய் நஷ்டஈட்டோடு பதவியை மீட்டார். அந்தமானில் இருந்தவர்களுக்காக மனுப் போட்டார்; வைஸ்ராய் ரிப்பன் காலத்தில் அவர்கள் விடுதலையானார்கள். 1920-இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். ‘சேலம் வீரர்’ என்று பெயரே வாங்கினார்.

அவருக்கு வேதமும் தெரியும், வாழ்நிலைக் குறையும் இருந்தது. கூடவே சட்டம் தெரிந்திருந்தது, மேலே ஒரு நீதிமன்றம் திறந்திருந்தது, அது கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பைத் திருப்பவும் தயாராக இருந்தது. இதை எந்தப் பெட்டியில் போடுவது? கொள்கை என்றும் சொல்ல முடியாது, சோறு என்றும் சொல்ல முடியாது. இதே வழக்கில் கையெழுத்துப் போடத் தெரியாத ஒருவருக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. அவருக்காக ஒரு வக்கீல் மனுப் போட வேண்டியிருந்தது. மசூதியை இழந்தவர்களுக்கு அப்படிப் பெயர் வாங்கிய வக்கீல் யாரும் இந்தக் கதையில் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர் நினைவில் வைத்திருப்பது சிறைக்குப் போய் மீண்டவரை. இடிந்த கட்டடத்தில் தொழுதவர்களை அல்ல.

அரசியல் ஆய்வாளர் அஷுதோஷ் வார்ஷ்னே இந்திய நகரங்களை இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிட்டார். கலவரம் வரும் அலிகரையும் வராத கோழிக்கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவர் வந்த முடிவு, இரண்டு மதத்தவரும் சேர்ந்து இருக்கிற சங்கங்கள் உள்ள ஊரில் வதந்தி சீக்கிரம் செத்துவிடுகிறது என்பது. வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகர் வட்டம் எதுவானாலும் சரி. தோழரும் ஆசிரியரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போடுவதுகூட அந்தக் கணக்கில் வரும்.

இன்றைக்கு ஆடித் திருவிழாவுக்கும் விநாயகர் சதுர்த்தி ஊர்வலத்துக்கும் முன்னால் வருவாய்த் துறையும் காவல்துறையும் அமைதிக் கூட்டம் கூட்டுகிறார்கள். பெரும்பாலும் அது டீ, பிஸ்கட், கையெழுத்து என்று முடியும். 1882-ஐ வைத்துப் பார்த்தால் அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டியது எளிய விஷயம்: வழித்தட ஆணை எப்போது வரும்? விழாவுக்கு முந்தின ராத்திரி வந்தால், பிடிக்காத தரப்புக்குத் தெருவைத் தவிர வேறு இடம் இல்லை. மூன்று வாரம் முன்னதாக, காரணத்தோடு எழுத்தில் வந்தால் வக்கீலைப் பார்க்க நேரம் இருக்கும். போன வருடம் ஒரு தரப்புக்குச் சொன்ன அதே காரணம் இந்த வருடம் மறு தரப்புக்கும் எழுதப்பட்டிருக்கிறதா என்று இரண்டு ஆணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடியும்.